கொக்கியில் கட்டிய கயிறு

எங்கள் கடலடி மரபுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாலே வார்த்தை போதுமென்றால் இதோ: கயிறு கட்டும் முன் பாருங்கள். எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இதோடு முடித்துவிட்டு நான் வெள்ளவத்தையில் என் பல்கணியில் சாய்ந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஓய்வுபெற்றவனிடம் நாலு வார்த்தை கேட்டவர்கள் நாலு வார்த்தையோடு தப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நீங்களும் தப்பப்போவதில்லை.

உங்களுக்குக் கடல் திறந்தே கிடக்கிறது. சுழியோடும் உடையை மாட்டிக்கொண்டு படகேறினால் கடற்படைக்காரர் கையசைத்து அனுப்புகிறார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. என்னுடைய தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்கடியில் போகப்போகிறேன் என்று சொல்ல ஆராய்ச்சி மனம் மட்டும் போதாது, கொஞ்சம் மூளைக் கோளாறும் வேண்டும். ஆகவே கடலடி மரபைக் காக்கவென்று ஏற்படுத்தப்பட்ட எங்கள் பிரிவு, பல வருடங்களாக இரண்டாம் மாடியிலிருந்தே அதைக் காத்தது. பெயர்ப் பலகை இருந்தது, வாகனம் இருந்தது, தேநீர் நேரத்துக்கு வந்தது. ஈரம் ஒன்றுதான் குறையாக இருந்தது.

சண்டை முடிந்து கடல் திறந்ததும் எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை, உலக யுத்த காலத்தில் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிப்போன ஓர் இழுவைப் படகு. அதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம். அதாவது, பேலியகொடைச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் ஒருவரிடம் உங்கள் வலை வழக்கமாக எங்கே கிழியும் என்று கேட்டோம். அவர் கரையில் தெரியும் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயில் குவிமாடத்தைப் பார்த்து, துறைமுகத்துப் பாரந்தூக்கியைப் பார்த்து, படகைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பி, இங்கேதான் என்று எச்சில் துப்பிக் காட்டினார். நவீனத் தொழில்நுட்பத்தின் உதவியுடன் கண்டுபிடிக்கப்பட்டதாகப் பத்திரிகையில் வந்தது.

என்னோடு கீழே இறங்கியவன் நிமால். நீர்கொழும்புக்காரன். என்னை அய்யே, அதாவது அண்ணா என்பான், நான் அவனை மல்லி, அதாவது தம்பி என்பேன், நடுவில் பாதி சிங்களமும் பாதி தமிழுமாக எங்கள் கதை ஓடும். தண்ணீருக்கடியில் அவனைப்போல் நிதானமான ஆளை நான் பார்த்ததில்லை. தரையில் அவனைப்போல் சோம்பேறியையும் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே குணம்தான் என்று பிறகு புரிந்தது.

சிதைவு எதுவானாலும் முதல் நாள் முதல் வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். இருப்பதிலேயே உறுதியான ஒரு பொருளைத் தேடி இறங்கு கயிற்றைக் கட்டுவது. அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் அதன்பிறகு எல்லோரும் இறங்குவதும் ஏறுவதும். படகு இடப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. மேல்தட்டுத் தகரமெல்லாம் தொட்டால் உதிர்ந்தது. பின்தட்டின் நடுவில் மட்டும், சிப்பி மூடிய பெரிய இரும்புக் கட்டி ஒன்று அசையாமல் நின்றது. நிமால் அதைக் காலால் உதைத்துப் பார்த்தான், நான் கையால் இழுத்துப் பார்த்தேன், இருவரும் திருப்தியாகக் கயிற்றைக் கட்டினோம். அதிலிருந்து கம்பி வடம் ஒன்று வெளியே வந்து எங்கள் கால்களில் மாட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சிதைவு முழுக்க வலையும் கயிறுமாகத்தான் கிடந்தது, இதுவும் மீன்பிடிக்காரர் விட்டுப்போனது என்று முடிவு செய்தோம். வெட்டி எறியலாம் என்றேன். நாளைக்கு வெட்டலாம் அய்யே என்றான் நிமால். மல்லியின் சோம்பலுக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பருவம் முழுவதும் அந்தக் கட்டியைப் பிடித்துத்தான் ஏறி இறங்கினோம். தேடியதோ மணியை. சுழியோடிகளுக்கு இது ஒரு வியாதி. கப்பலின் மணி, சுக்கான் சக்கரம், பெயர்த் தகடு, இந்த மூன்றைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் கண்ணுக்கு இரும்பு. அவை மூன்றையும் எங்களுக்கு முன்னே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நான் அளந்து வரைந்த வரைபடத்தில் பின்தட்டின் நடுவே அழகாக ஒரு முக்கோணம் போட்டு ‘கயிறு கட்டும் இடம்’ என்று எழுதியிருந்தேன். வரைபடம் சுத்தமாக இருப்பதாக எங்கள் பிரிவின் தலைவரான பணிப்பாளர் பாராட்டினார்.

பணிப்பாளரைப் பற்றி ஒரு சொல். நல்ல மனிதர். நீந்தத் தெரியாது. அது அவருடைய பிழையல்ல, நேர்முகத் தேர்வில் யாரும் கேட்கவில்லை. எங்கள் பிரிவின் சிறிய கண்காட்சியை அமைச்சர் திறந்துவைக்க இருந்தார். அமைச்சர் நாடா வெட்டும்போது பின்னால் வைக்க ஏதாவது வேண்டும் என்பதுதான் பணிப்பாளரின் ஒரே கவலை. வரைபடத்தின் முன்னால் நின்று படம் எடுத்தால் அமைச்சர் ஆசிரியரைப்போல் தெரிவாராம்.

வரைபடத்தோடு படகில் இருந்தவர்களைப் பற்றியும் ஒரு பக்கம் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதன் கப்டனின் மகள் கொட்டாஞ்சேனையில் இருப்பதாக மீன்காரர்தான் சொன்னார். பிலோமினா அன்ட்டி. எழுபதைத் தாண்டியவர். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஆகவே மற்றவர் பேச்சை நடுவில் துண்டிப்பதில் முறையான பயிற்சி உண்டு. ஓட்டோவை வாசலில் காக்க வைத்துவிட்டுப் போயிருந்தேன். அவருடைய அப்பாவின் படம் ஒன்றைப் பிரதி எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் திட்டம். நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டு எங்கள் திட்டத்தின் நோக்கங்களை விளக்க ஆரம்பித்தேன்.

“நல்லா சாஞ்சு இருங்க தம்பி. உங்கள யாரும் துரத்தல்ல,” என்றார். அதோடு என் நோக்கங்கள் துண்டிக்கப்பட்டன.

பிறகு அவரே சொன்னார். யுத்த காலம், தென்மேற்குப் பருவக் காற்று. இயந்திரம் நின்றுபோன சரக்குக் கப்பல் ஒன்றைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரப் போனது அப்பாவின் படகு. கப்பல் அலைதடுப்பு மதிலில் மோதிச் சிதைந்தது. படகு ஆட்களோடு போயிற்று, ஒருவரும் மீளவில்லை. விசாரணை நடந்தது. கப்பலைச் சேர்ந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், படகுக்காரர் எல்லோரும் செத்திருந்தார்கள், ஆகவே தீர்ப்பில் சிக்கல் இருக்கவில்லை. கப்டன் பயந்துபோய் இழுவைக் கொக்கியைத் திறந்து கப்பலைக் கைவிட்டுவிட்டு ஓடினார், ஓடும் வழியில் மூழ்கினார் என்று முடிந்தது. தப்பி ஓடியவர் எப்படி மூழ்கினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மத்தியானச் சாப்பாடு தாமதமாகியிருக்கும்.

அன்றிலிருந்து தெருவில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. கொக்கி கழட்டினவன்ட வீடு. பள்ளிக்கூடத்தில் அவர் கொக்கி கழட்டினவன்ட மகள். கல்யாணம் பேசி வந்தவர்கள் கோயில் முடுக்கில் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். அம்மா சாகும்வரை அப்பாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தது விடியற்காலைப் பூசையில்தான். சனம் குறைவாக இருக்கும் என்பதற்காக.

இதையெல்லாம் வேறு யாருடைய வீட்டுக் கதையோ போலச் சொல்லி முடித்தவர், கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க கீழ போய்ப் பாத்தவர்தானே. அந்தக் கொக்கி தெறந்திருக்கா, மூடியிருக்கா?”

இழுவைப் படகு தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். அதன் பின்தட்டின் நடுவில் பெரிய இரும்புக் கொக்கி ஒன்று இருக்கும். இழுக்கப்படும் கப்பலின் வடம் அதில்தான் மாட்டப்படும். படகு முழுவதிலும் அதைவிட உறுதியான பொருள் கிடையாது, கப்பலின் பாரம் அத்தனையும் அதில்தான் தொங்குகிறது. கப்பல் குறுக்கே சாய்ந்து படகைப் பக்கவாட்டில் இழுக்க ஆரம்பித்தால் படகு கவிழ்ந்துவிடும். அப்போது தப்ப ஒரே வழி, கொக்கியின் பூட்டைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பது. பூட்டுத் திறந்து வடம் பறந்துவிடும், படகு நிமிர்ந்துகொள்ளும்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன் அன்ட்டியிடம். ஓட்டோ ஆமர் வீதி நெரிசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பின்தட்டின் நடுவில். படகிலேயே உறுதியான பொருள். அதிலிருந்து வரும் கம்பி வடம். ஒரு பெண் சிறு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியின் பதிலில் நாங்கள் கயிறு கட்டி, கதவுப் பிடியைப்போல் பருவம் முழுக்கப் பிடித்துத் தொங்கியிருக்கிறோம். அதற்கு நான் முக்கோணம் வேறு போட்டிருக்கிறேன். பிள்ளைகளே, இப்படி ஒரு பிழையைச் செய்ய முறையான பயிற்சி பெற்ற சுழியோடிகளால் மட்டுமே முடியும். சாதாரண ஆள் அது என்னவென்று முதல் நாளே கேட்டிருப்பான்.

நல்ல செய்திகள் தனியாக வருவதில்லை. அலுவலகத்துக்குப் போனால் பணிப்பாளர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். அமைச்சருக்குப் பின்னால் வைக்கப் பொருள் அகப்பட்டுவிட்டதாம். நாங்கள் கயிறு கட்டியிருக்கும் அந்த இரும்பு. நிமாலிடம் விசாரித்து, அது கனமானது, பழையது, தூக்கலாம் என்று தெரிந்துகொண்டிருக்கிறார். மறுநாளே கம்பியை அறுத்து, சிப்பியைத் தட்டி எடுத்து, காற்றுப் பையில் கட்டி மேலே ஏற்றவேண்டும். தொலைக்காட்சிக்காரர் வருகிறார்கள். பருவக் காற்று இன்றோ நாளையோ என்று நிற்கிறது, இந்தத் தடவை விட்டால் கடல் பல மாதங்களுக்கு மூடிவிடும்.

நான் விஷயத்தைச் சொன்னேன். வடம் அறுபட்டு, சிப்பி தட்டி எடுக்கப்பட்டு மேலே வந்தால் அந்தக் கொக்கி திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று கடவுளாலும் சொல்ல முடியாது, முதலில் இருந்தபடியே அதை ஆவணப்படுத்தவேண்டும் என்றேன். பணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். மேலே கொண்டுவந்த பிறகு ஆறுதலாகப் படம் எடுக்கலாம், வெளிச்சமும் நன்றாக இருக்கும் என்றார். பிறகு, இதுவரை கீழே எடுத்த படங்களில் அது இல்லையா என்று நியாயமாகவே கேட்டார். இருந்தது. எங்கள் நீலக் கயிறு பல சுற்றுச் சுற்றி, சோக்கான ஒரு முடிச்சோடு.

அடுத்த நாள் கடல் கறுத்துக் கிடந்தது. பணிப்பாளர் படகின் ஓரத்தைப் பிடித்தபடி, காலைச் சாப்பாட்டை எந்த நிமிடமும் கடலுக்குக் கொடுக்கும் நிலையில் ஒளிப்பதிவாளருக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். போகும் வழியில் நான் நிமாலிடம் அன்ட்டியின் கதையைச் சொல்லியிருந்தேன். கேட்டபடியே அவன் இரும்பறுக்கும் வாளின் பல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையில் வாள், என் கையில் கமரா, இடுப்பில் சுத்தியல். இருவரும் இறங்கினோம்.

கீழே இரண்டு முழத்துக்கு மேல் ஒன்றும் தெரியாத கலங்கல். அலை எங்களை முன்னும் பின்னும் ஆட்டியது. வரைபடத்தை மறந்துவிட்டு விரலால் பார்த்தேன். கட்டியின் வாய்க்குள்ளிருந்து வடம் வெளியே வந்தது. பின்தட்டைக் கடந்து இடப்பக்க விளிம்பின் மேலாகப் போனது. அங்கிருந்து கீழே இறங்கி, மணலுக்குள், படகின் உடலுக்கு அடியில் போனது. கையை முழங்கைவரை புதைத்துத் தேடினேன். அது உள்ளேயே போய்க்கொண்டிருந்தது. படகு அந்த வடத்தின் மேல்தான் விழுந்து கிடந்தது.

மீன்பிடிக்காரர் யாரும் ஒரு படகைத் தூக்கி அதன் அடியில் கம்பி போடுவதில்லை. கவிழ்ந்தபோதும் இந்தப் படகு அந்தக் கப்பலோடு கட்டப்பட்டிருந்தது. எனக்கு வாய்க்குழாயைக் கடித்தபடி அழுகை வந்தது. தண்ணீருக்கடியில் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. ஒரு வசதியீனம், கண்ணாடி மங்கிவிடும்.

இனிப் பூட்டு. அதுதான் முடிவான சாட்சி. அது சிப்பிக்குள் இருந்தது. சுத்தியலை எடுத்துவிட்டேன். இரண்டே தட்டுத் தட்டினால் சிப்பி உதிரும், பூட்டுத் தெரியும், அன்ட்டிக்குப் பதில் கிடைத்துவிடும். கை ஓங்கியபிறகுதான் யோசனை வந்தது. அந்தப் பூட்டுச் செய்யப்பட்டதே ஒரு சுத்தியல் அடிக்குத் திறப்பதற்காக. இத்தனை வருட உப்புக்குப் பிறகு நான் தட்டி அது திறந்துகொண்டால், விசாரணையின் தீர்ப்பை உண்மையாக்கிய பெருமை எனக்கே சேரும். கப்டன் திறக்காததை அளவையாளர் வந்து திறந்துவைத்தார் என்று. சுத்தியலைத் திரும்பவும் இடுப்பில் செருகினேன்.

கட்டிக்கு அடியில் தலைகீழாகப் போய்ப் பார்த்தேன். வெளிச்சம் படாத அந்தப் பக்கத்தில் சிப்பி குறைவு. கொக்கியின் மூக்கு பூட்டுச் சட்டத்துக்குள் நெருக்கமாகப் பொருந்தி இருந்தது. மூடியிருந்தது. அளவுகோலைப் பக்கத்தில் பிடித்து, அலை தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் நடுவில் கிடைத்த ஒவ்வொரு இடைவெளியிலும் படம் எடுத்தேன்.

திரும்பியபோது நிமால் வடத்தின்மேல் வாளை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய காற்று குறைந்துகொண்டிருந்தது, அவனுக்கு வேலையும் நிரந்தரமில்லை. மேலே கயிற்றைப் பிடித்து இழுத்து அவசரப்படுத்தினார்கள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, விருந்தில் வேண்டாத தட்டை வைப்பதுபோல மெதுவாகக் கையை விரித்தான். வாள் கலங்கலுக்குள் போய் மறைந்தது.

மேலே வந்ததும் பணிப்பாளர் கேட்டதற்கு, கை நழுவிவிட்டது சேர் என்று சிங்களத்தில் சொல்லி வெறும் கைகள் இரண்டையும் காட்டினான். அவர் வேறு வாள் கேட்டார். இனி ஒரு நிமிடமும் நிற்க ஏலாது என்று படகோட்டி இயந்திரத்தைக் கிளப்பிவிட்டார். அன்று பின்னேரமே மழை வந்தது. கண்காட்சிக்குத் துறைமுகக் கிடங்கிலிருந்து ஒரு நங்கூரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் இழுவைப் படகை அந்த நங்கூரத்தில் கட்டினால் படகுதான் மூழ்கும், அவ்வளவு பெரியது. அமைச்சர் அதன்மேல் கை வைத்து, நம் மாலுமிகளின் வீரத்துக்கு இதுவே சாட்சி என்றார். எல்லோரும் கைதட்டினோம். நிமாலின் ஒப்பந்தம் அடுத்த பருவத்துக்குப் புதுப்பிக்கப்படவில்லை. கை நழுவுகிற ஆட்களை வைத்திருக்க முடியாதாம். அவன் இப்போது வெளிநாட்டுச் சுற்றுலாக்காரரைச் சுழியோடக் கூட்டிப்போகிறான், உங்கள் எல்லோரையும்விட வசதியாக இருக்கிறான். இருந்தாலும் அநியாயம் அநியாயம்தான்.

நான் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வெள்ளவத்தையில் நல்ல பட்டர் கேக் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். ஒரு மனிதரின் மேல் இருந்த பழியை நீக்கிவிட்டு வருபவன் வெறுங்கையோடா போவான்? ஓட்டோவை வாசலில் காக்க வைத்தேன். நாற்காலி நுனியில் இருந்தபடி படத்தை மேசையில் விரித்து, இது கொக்கி, இது பூட்டு, இது வடம், வடத்தின்மேல் படகு என்று விரல் வைத்துக் காட்டினேன்.

“உங்கட அப்பா கழட்டேல்ல அன்ட்டி. கடைசிவரைக்கும் விடேல்ல.”

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். கண்ணீரும் நன்றியும் வரப்போகின்றன என்று நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“கழட்ட ஏலாமப் போச்சா, கழட்டாம நின்டாரா?” என்று கேட்டார்.

அதை இரும்பு சொல்லாது என்றேன். பூட்டு இறுகியிருக்கலாம். சுத்தியலை எடுக்க அவகாசம் இல்லாமல் போயிருக்கலாம். கப்பலில் இருந்தவர்களைக் கைவிட மனமில்லாமல் இருந்திருக்கலாம். எங்கள் படத்தில் தெரிவது மூடியிருந்தது என்பது மட்டும்தான்.

“கழட்டியிருந்தா?”

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். தொழில்நுட்பக் கேள்வி அல்லவா, பதில் எனக்குத் தெரியுமே. “கழட்டியிருந்தா படகு நிமிர்ந்திருக்கும்.”

“அப்ப வீட்டுக்கு வந்திருப்பார்.”

வெளியே ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். அன்ட்டி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“விட்டுட்டு ஓடினாரெண்டு இவ்வளவு காலமும் அந்த மனுசனோட கோவம். இனி விடாம நின்டாரெண்டு கோவப்படோணும். அப்ப எனக்கு மூணு வயசு தம்பி. அம்மாவுக்கு இருவத்திரண்டு. ஒரு அடி அடிச்சிருக்கலாமே.”

மேசையில் விரித்த படத்திலிருந்து என் விரலை எடுத்தேன்.

அவர் எழுந்து கேக்கை வெட்டினார். வந்தவருக்குக் கொடுக்காமல் விடும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பிறகு படத்தை எடுத்துக்கொண்டு போய் முன்கதவுக்கு நேரே சுவரில் பிடித்து, தெருவிலிருந்து தெரிகிறதா என்று வெளியே போய்ப் பார்க்கச் சொன்னார். போய்ப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் தெரியும் என்றேன். உயர்த்தினார்.

அடுத்த பருவம் நான் முதலில் செய்த வேலை, கொக்கியிலிருந்து எங்கள் கயிற்றை அவிழ்த்து வேறிடத்தில் கட்டியது. அந்தக் கொக்கி இன்னும் கீழேதான் இருக்கிறது, மூடியபடி. நீங்கள் இறங்கும்போது பார்க்கலாம், கை வைக்கவேண்டாம். வரைபடத்தில் முக்கோணத்தை அழித்துவிட்டேன்.

ஆகவே நாலு வார்த்தையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அளந்து, வரைந்து, படம் எடுத்ததை உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் நாள் வந்தால், வாசலில் ஓட்டோவைக் காக்க வைக்காதீர்கள். அனுப்பிவிட்டு உள்ளே போங்கள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து இருங்கள். நான் அன்று ஓட்டோவை அனுப்பிவிட்டு மறுபடி வந்து அப்படித்தான் இருந்தேன், விளக்கு வைக்கும்வரை.